திரளாக, ஸ்டூலுடன்

வார நாட்களில் நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை காலையில், குரோம்பேட்டையில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிறவள். மற்ற நேரத்தில், தாம்பரத்தில் உள்ள எங்கள் தொழிற்சங்க அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில், வரப்போகிற கூட்டங்களை எழுதிப் போடுகிறவள். ஆக, கடவுளுக்கும் தொழிலாளிக்கும் நான் செய்கிற சேவை ஒன்றேதான். எங்கே, எப்போது வரவேண்டும் என்று சொல்வது. வருகிறார்களா என்பது வேறு விஷயம்.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு. 'திரளாக.' பங்கில் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டத்துக்குத் திரளாக வரவேண்டும். மறைமலை நகர் ஆலை வாசலில் நடக்கும் கூட்டத்துக்கும் திரளாக வரவேண்டும். ஒருமுறை, எப்படியும் யாரும் வரப்போவதில்லையே என்ற எரிச்சலில், அந்தச் சொல்லை வெட்டிவிட்டு வெறுமனே 'வருக' என்று போட்டேன். எங்கள் செயலாளருக்கு முகமே வாடிவிட்டது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"இன்னா தோழர், திரளாகன்னு போடலன்னா, கொஞ்சமா வந்தா போதும்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றார்.

நெனச்சிக்கட்டுமே என்று வாய் வரைக்கும் வந்தது. திரும்பச் சேர்த்துப் போட்டேன். குழுவில் உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்தன. கட்டைவிரலை அனுப்பிவிட்டால் மீதி உடம்பு வரத் தேவையில்லை என்று எங்கள் தோழர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அந்த ஆடி மாதம் எங்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவள். வீடு கோவிலம்பாக்கம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் காலையிலிருந்து நின்றே சேலை விரித்து, கால் வீங்கி, கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் ஒரு சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கேமராவில் பார்த்தார்கள். சாயங்காலமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"ஸ்டூல் கீது அக்கா" என்றாள். "கொடோன்ல அடுக்கி வெச்சிகிறாங்க. மேல சுத்துன பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கல. செக்கிங் வந்தாத்தான் வெளிய வரும். அப்பவும் நாங்க பக்கத்துல நிக்கணும்."

வேறு கடையில் சொல்லிப் பார்க்கட்டுமா என்று செயலாளர் கேட்டார். அவள் தலையை ஆட்டிய வேகத்தில் காதில் போட்டிருந்த தொங்கட்டான் கன்னத்தில் அடித்தது.

"எந்தக் கடைக்குப் போனாலும் நிக்கத்தான் வெப்பாங்க. எனக்கு அதே கடை, அதே கவுண்டர் வோணும். அங்க ஸ்டூலைப் போட்டு உக்காந்து காமிக்கணும். அவ்ளோதான்."

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. எத்தனையோ பேர் எங்கள் அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வருவார்கள். இவள் கோபத்தோடு வந்திருந்தாள்.

செயற்குழு கூடியது. எங்கள் செயற்குழுவில் போராட்டம் நடத்துவதைவிட அதற்குப் பெயர் வைப்பதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். 'மாபெரும்' என்றார் ஒருவர். 'மாபெரும்' போன மாதம்தான் போட்டோம், இப்போது 'பெருந்திரள்' என்றார் இன்னொருவர். கடைசியில் நான்தான் சொன்னேன். உட்காரும் உரிமையைக் கேட்கிறோம், ஆளுக்கொரு ஸ்டூலைக் கொண்டுவந்து கடைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவோம் என்று. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. போலீஸ் அனுமதிக்கு மனு எழுதும் வேலை செயலாளருக்கு. அறிவிக்கும் வேலை எனக்கு. ஞாயிறு மாலை, கடைக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி.

இந்தத் தடவை கட்டைவிரல்களை நம்பக்கூடாது என்று முடிவு செய்தேன். பங்குத் தந்தையிடம் போய், கோயிலில் ஒரு வார்த்தை அறிவிக்கலாமா என்று கேட்டேன். "ஒரு பொண்ணுக்கு வேலை போயிருக்கு. தாராளமா வாசிங்க" என்றார்.

ஞாயிறு காலை மைக் முன்னால் நின்றேன். முதலில் ஞானஸ்நான வகுப்பு, அடுத்து பாடகர் குழுப் பயிற்சி, அடுத்து எங்கள் அறிவிப்பு. வருடக்கணக்காக ஒரே மாதிரி வாசித்து வாசித்து என் வாய் ஒரு தண்டவாளத்தில் ஓடப் பழகிவிட்டது. நான் வாசித்தது இதுதான்: "இன்று மாலை ஐந்து மணிக்கு, ஜி.எஸ்.டி. சாலையில், ஜவுளிக்கடைக்கு எதிரே, அனைவரும் ஆளுக்கொரு ஸ்டூலுடன் திரளாக வந்து, இறையாசீர் பெற்றுச் செல்லுமாறு அன்புடன் அழைக்கிறோம்."

வாசித்து முடித்து இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மாலையில் போய்ப் பார்த்தால், சங்கத்திலிருந்து வழக்கம்போல் வருகிறவர்கள் மட்டும் கொடியோடு நின்றிருந்தார்கள். கட்டைவிரல்காரர்களைக் காணோம். ஆனால் மேம்பாலத்துப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோக்கள் வந்து வந்து நின்றன. எங்கள் பங்கின் ஆன்ட்டிமார் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்டூல். மடக்கு ஸ்டூல், குளியலறை ஸ்டூல், சமையலறையில் மேல் தட்டை எட்ட வைத்திருக்கும் மர ஸ்டூல். இன்னொரு கையில் ஜெபமாலை. ஆர்ப்பாட்டம் என்ற சொல்லையே காலையில் நான் வாசிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஜெபக்கூட்டம் ரோட்டுலயா வெச்சிருக்கீங்க? பந்தல்கூடப் போடலியே" என்றார் முதலில் வந்தவர். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம்.

கேட்டுக்கொண்டே அவர்கள் நடைபாதையில் ஸ்டூல்களைப் போட்டு வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள். செயலாளருக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. தன் சங்க வாழ்க்கையில் இவ்வளவு திரளை அவர் பார்த்ததில்லை. உடனே மைக்கைப் பிடித்தார்.

"வேலை நீக்கத்தை ரத்து செய்!"

சங்கத்துக்காரர்கள் "ரத்து செய்! ரத்து செய்!" என்றார்கள். ஆன்ட்டிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லிப் பழகியவர்கள்; யாரோ ஒருவர் முன்னால் நின்று ஒன்றைச் சொன்னால் கூட்டமாகப் பதில் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். என்ன பதில் என்பதும் தெரியும்.

"உட்கார இருக்கை தர வேண்டும்!" என்றார் செயலாளர்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றார்கள் ஆன்ட்டிமார், ஒரே குரலில், ராகத்தோடு.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் மைக்கை மூடிக்கொண்டு என்னிடம், "இன்னா தோழர், இவங்க எந்தச் சங்கம்?" என்று கேட்டார்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கையில் எங்கள் மனுவின் நகல்.

"மேடம், எல்லாரும் எந்திரிங்க. இதுல கண்டன ஆர்ப்பாட்டம்னுதான் போட்டிருக்கு. ஆர்ப்பாட்டம்னா நின்னுதான் பண்ணணும். உக்காந்தா அது தர்ணா. தர்ணாவுக்குத் தனி பர்மிஷன்."

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக 'கண்டன ஆர்ப்பாட்டம்' என்றே எழுதி எழுதி, பேனாவைத் திறந்ததும் அதுதான் இறங்குகிறது.

"கைக்கு அது ஒண்ணுதான் தோழர் தெரியும்" என்றார், பாவமாக.

"சார், உட்காரும் உரிமை கேட்டுத்தான் சார் இந்தப் போராட்டமே" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"கேளுங்க மேடம், யார் வேணாம்னா? நின்னு கேளுங்க."

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆன்ட்டிமாரில் பாதிப் பேருக்கு மூட்டு வலி. நிற்க முடியாததால்தான் ஸ்டூல் என்றதும் ஓடி வந்திருக்கிறார்கள். இனி மறைத்துப் பயனில்லை என்று, இது ஜெபக்கூட்டம் இல்லை, வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டேன் என்று அவர்களிடம் போட்டு உடைத்தேன். அந்தப் பெண்ணையும் முன்னால் இழுத்து நிறுத்தினேன். இன்று இது பிசுபிசுத்துப் போனால் கடைக்காரர்கள் இனி எங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. வந்ததிலிருந்து அவள் கண் அந்தக் கண்ணாடிக் கதவின் மேலேயே இருந்தது.

டீச்சர் ஆன்ட்டி என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவளுடைய காலைக் குனிந்து பார்த்தார். செருப்பு வார் பதிந்து தடித்திருந்தது.

"இதுக்கா நிறுத்திட்டாங்க?"

"ஆமா ஆன்ட்டி. உக்காந்தேன்னு."

"நானும் சர்வீஸ் பூரா நின்னே பாடம் எடுத்தவதான். இந்த நரம்பெல்லாம் அதுல வந்ததுதான்" என்றார். அப்புறம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, ரோட்டுல உக்காரக் கூடாது. சரி. கடைக்குள்ள உக்காரலாம்ல?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "கஸ்டமரா போனா யாரு கேக்கப் போறாங்க?"

"கஸ்டமர்தான். என் பொண்ணு கல்யாணப் பட்டே இங்கதான் எடுத்தேன்."

ஸ்டூல்களை எங்கள் தோழர்களிடம் கொடுத்துவிட்டு ஆன்ட்டிமார் எழுந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, படியேறி, உள்ளே போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். நான் இத்தனை வருஷம் எழுதிய 'திரளாக' என்ற சொல்லை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

சேலைப் பிரிவில் வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த நாற்காலி, சோபா எல்லாவற்றிலும் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஏ.சி.க்குக் கீழே நல்ல இடம் பார்த்து டீச்சர் ஆன்ட்டி. விற்பனைப் பெண் சேலையை விரிக்க வந்தாள்.

"முதல்ல நீ உக்காரும்மா. அப்புறம் காட்டு."

"எங்களுக்கு சேர் இல்லீங்க மேடம்."

"பரவால்ல. வர்ற வரைக்கும் நாங்க வெயிட் பண்றோம்."

எல்லாக் கவுண்டரிலும் இதே பேச்சு. பின்னால் வந்த வாடிக்கையாளர்களுக்கு உட்கார இடமில்லை. கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குக் கிளம்பியது. மேனேஜர் வெளியே ஓடி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துவிட்டு, "கஸ்டமர் சார் அவங்க. நான் எப்படி எந்திரிங்கன்னு சொல்றது?" என்று கதவை விட்டுவிட்டார். மேனேஜர் போனை எடுத்து, முதலாளியோடு நெடுநேரம் முணுமுணுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கொடோனிலிருந்து ஸ்டூல்கள் வந்தன. பிளாஸ்டிக் கவரோடுதான் வந்தன. டீச்சர் ஆன்ட்டி தன் கையால் ஒன்றைப் பிரித்தார். பிரித்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட அந்தப் பெண்ணைக் காட்டி, "அவளுக்கும் ஒண்ணு" என்றார். மேனேஜர் தலையாட்டினார். நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றார்.

செயலாளருக்கு மட்டும் ஒரு குறை. வெற்றி முழக்கம் போடப் போலீஸ் விடவில்லை. ஆர்ப்பாட்டத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதாம்.

அடுத்த வாரம், அலுவலகம் விட்டு வரும் வழியில் கடைக்குள் நுழைந்தேன். அதே கவுண்டர். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் நின்றுகொண்டு, "கஸ்டமர் வந்தா எந்திரிக்க மாட்டியா நீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மேடம், எந்தக் கலர் பாக்கணும்?" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. ஒரு கையால் இரண்டு சேலைகளை இழுத்து விரித்தாள். அந்த அம்மாள் முனகிக்கொண்டே பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடப் போனார்.

எனக்கு ஒரே பெருமை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போனேன். "சபாஷ். அசையவே இல்லையே நீ" என்றேன். அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய இன்னொரு கை கவுண்டருக்குக் கீழே தன் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"யாராச்சும் வந்தா, கால் அதுவா எந்திரிக்கப் பாக்குது அக்கா" என்றாள். "காலைலேந்து புடிச்சிகினே உக்காந்துகிறேன்."