அவர் கட்டிய ரேடியோவின் இரைச்சல்

என் கணவர் டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது, அவர் தன் கையால் கட்டிய ரேடியோ கூடத்து மேசைமேல் இன்னும் வேலை முடியாமல் இருந்தது. வேலூரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்து ரொம்ப காலம் ஆகியிருக்கவில்லை. அவர் ஒரு தோல் கம்பெனியில் டைப் அடிக்கும் குமாஸ்தா. சென்னைக்குப் போகும்போதெல்லாம் மவுண்ட் ரோட்டுக் கடைகளில் ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, சாயங்கால நேரங்களில் உட்கார்ந்து பற்றவைப்பார். ஈயக்கம்பியை நான் பிடித்துக்கொள்வேன்.

ரேடியோ பாடியது. ஆனால் பாட்டுக்கு அடியில் ‘உம்ம்ம்’ என்று ஓயாமல் ஓர் இரைச்சல் இருந்தது. பாட்டு நின்றாலும் அது நிற்காது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வாரம் படுத்தவர்தான்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியதும் வீட்டில் மிஞ்சியது நானும் என் மாமனாரும். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மாமனார் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரியாக இருந்து, வயதான பிறகு மகனோடு வந்து தங்கியவர். ஆவாரம்பட்டைச் சாயம் அவர் நகக்கண்ணை விட்டுப் போகவே இல்லை. எங்களிடையே அதிகப் பேச்சு இருந்ததில்லை. எல்லாவற்றையும் அவர் மகனிடம் சொல்லுவார், மகன் என்னிடம் சொல்லுவார்.

நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று பலர் நினைத்தார்கள். அப்படியில்லை, அழுகை வரவில்லை. உலை வைத்தேன், துணி துவைத்தேன், விளக்கு போட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். எப்போது மனசு தேறுகிறதோ அப்போது வந்தால் போதும் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். மனசு தேறுவது என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் போகவில்லை.

சாயங்காலம் ஆனதும் மாமனார் ரேடியோவைப் போடுவார். கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு முகத்தைச் சுளித்து அணைத்துவிடுவார். ஒருநாள் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “பாட்டு நல்லா தான் இருக்குது. அந்த சத்தம் தான் மண்டைக்குள்ள பூந்துக்குது.”

அதற்குச் சில நாள் கழித்து என் அண்ணன் எங்கள் ஊரான அணைக்கட்டிலிருந்து வந்தான். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தான். வீட்டில் இடம் இருக்கிறது, அம்மா தினமும் கேட்கிறாள், இங்கே யாருக்காக இருக்கப் போகிறாய் என்றான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மறுக்க என்னிடம் காரணமும் இல்லை. என் பார்வை மேசைமேல் போனது. “இந்த ரேடியோவ ஒரு வழி பண்ணிட்டு வர்றேண்ணே” என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்திருப்பான். வேர்க்கடலை பிடுங்கி முடிந்ததும் வருகிறேன் என்று போய்விட்டான்.

சொன்ன பிறகு செய்ய வேண்டியதாகிவிட்டது. டாக்கீஸில் படம் ஓட்டும் ஆபரேட்டர் ஒருவர் என் கணவருக்கு நெருங்கிய தோஸ்த். ஆம்பூர்க்காரர், முஸ்லிம். மௌனப் படக் காலத்திலிருந்து அந்த வேலையில் இருந்தவர். பேசும் படம் வந்த பிறகு திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களில் இதே இரைச்சலோடு மல்லுக்கட்டியவர். அவர் அதை ‘ஹம்மு’ என்பார். சொல்லி அனுப்பினேன். மதிய ஆட்டத்துக்கு முன்னால் வந்தார். மாமனார் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எர்த்து சரியில்லை, அதுதான் காரணம் என்று ஆபரேட்டர் உறுதியாகச் சொன்னார். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புத் தகடு ஒன்றைப் புதைத்துக் கம்பி இழுத்தோம். ஹம்மு கொஞ்சமும் குறையவில்லை. அலையைப் பிடிக்கும் ஏரியல் கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். பாட்டு போனது, ஹம்மு இருந்தது. அப்படியானால் அது வெளியிலிருந்து வரவில்லை, பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த முறை வந்தபோது அவர் கண்ணாடிக் குழல் மாதிரி இருந்த வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னார். முதல் வால்வை எடுத்ததும் இரைச்சலில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அடிவயிற்றிலிருந்து வருவது போல அப்படியே இருந்தது. “ஒரு ஹம்மு இல்ல தங்கச்சி, ரெண்டு இருக்குது” என்றார். இரண்டையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.

முதலாவது எங்கே என்று நானே கண்டுபிடித்தேன். வால்வுகளின் இழையைச் சூடாக்கும் இரண்டு கம்பிகளை என் கணவர் பக்கத்தில் பக்கத்தில், கோடு போட்டது மாதிரி நேராக ஓட்டியிருந்தார். இடைவிட்டு இடைவிட்டு, செருப்புத் தைக்கும் மெழுகு நூலால் கட்டியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்தக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால்தான் அவற்றின் இரைச்சல் பக்கத்துக் கம்பிகளில் ஏறாது என்று ஆபரேட்டர் சொல்லியிருந்தார். பிளேடு எடுத்து நூல் கட்டுகளை வெட்டினேன். என் கணவரின் விரல் போட்ட முடிச்சுகள். வெட்டும்போது ஏதாவது தோன்றும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு, கம்பிகளை முறுக்கி மறுபடி பற்றவைத்தேன். வால்வைச் சொருகி ரேடியோவைப் போட்டதும் இரைச்சல் நன்றாகவே கம்மியாகியிருந்தது. அடியில் இருந்த கனத்த உறுமல் மட்டும் போகவில்லை.

அது கண்டன்சராக இருக்கலாம் என்றார் ஆபரேட்டர். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தேக்கிச் சமமாக்கித் தருவது அதன் வேலை, உள்ளே காய்ந்துபோனால் வேலை செய்யாது. சுவிட்சை அணைத்த பிறகும் அதில் கரண்டு தேங்கி நிற்கும், ஸ்குரூ டிரைவரால் அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அவர் இல்லாதபோது நான் பெட்டியைத் திருப்பினேன். பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். இறக்கிவிட மறந்துபோனேன். என் கையை யாரோ பிடித்து வீசியது போல இருந்தது. முழங்கை சுவரில் இடித்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

மாமனார் கொல்லையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து என் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். அவர் என்னை முதல்முறையாகத் தொட்டதும் அன்றுதான்.

“அவன் தான் போய்ட்டான்,” என்றார். “நீயும் போய்ட்டா, நா யார்கிட்டமா போயி இன்னான்னு கேப்பேன்?”

எனக்குக் கை வலித்தது. அவர் உள்ளங்கை எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. “ஒண்ணும் இல்ல மாமா” என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரேடியோவைத் தொடாதே என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பிளக்கை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஸ்குரூ டிரைவரால் தொட்டேனா என்று குனிந்து பார்ப்பார். தொட்ட பிறகுதான் சாய்ந்து உட்காருவார்.

ஆபரேட்டர் டாக்கீஸிலிருந்து ஒரு நல்ல கண்டன்சரைச் சோதனைக்கு எடுத்து வந்தார். பழையதன் கூடவே அதையும் சேர்த்துப் போட்டதும் உறுமல் அப்படியே இறங்கியது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் அதைத் திரும்ப எடுத்துப் போக வேண்டியிருந்தது. எடுத்ததும் உறுமல் மறுபடி வந்துவிட்டது. சென்னைக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிப் புதிதாக ஒன்று வரவழைத்தோம். பழையதைக் கழற்றும்போது அதன் அடியில் மெழுகு உருகி வழிந்து உறைந்திருந்தது. சூடாகும் வால்வை ஒட்டியே அதை வைத்திருந்தார் என் கணவர். புதியதைத் தள்ளி வைத்துப் பற்றவைத்தேன்.

ஹம்மு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தால் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்காது. அன்று சாயங்காலம் யாரோ வீணை வாசித்தார்கள். இரண்டு மீட்டலுக்கு நடுவில் சத்தமே இல்லாத இடங்கள் இருந்தன. மாமனார் கடைசிவரை கேட்டார். எனக்கு அது வீணை என்று தெரிந்தது, அவ்வளவுதான். அடுப்பில் குழம்பு கொதிக்கிறதா என்று எழுந்து போனேன்.

வேர்க்கடலை பிடுங்கியதும் அண்ணன் வந்தான். ஒரு மூட்டைக் கடலையும் கொண்டுவந்திருந்தான். ரேடியோ பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். முடிஞ்சுதா என்று கேட்டான். முடிந்தது என்றேன். அப்படின்னா கெளம்பு என்றான்.

மாமனார் கொல்லைக் கதவுப் பக்கம் நின்றிருந்தார். எங்கள் பேச்சு கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நா வர்ல அண்ணே,” என்றேன். “திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறேன்.”

“இங்க உனக்கு இன்னா இருக்குது?”

“தெரில. ஆனா இங்கயே இருக்கிறேன்.”

அவன் கோபப்படவில்லை. சாப்பிட்டான். மாமனாரோடு மழையைப் பற்றியும் மாட்டுக்கு வந்த கோமாரியைப் பற்றியும் பேசினான். பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். கோட்டை அகழியோரமாக நடந்தோம். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, வரத் தோன்றினால் ஒரு கார்டு போடு என்று சொன்னான். தலையாட்டினேன்.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் நுழைந்து முருங்கைக்காய் வாங்கினேன். வீட்டுக்குள் வந்தபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் முறத்தில் கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார்.

“பஸ் கெடச்சுதா?” என்றார்.

“கெடச்சுது மாமா” என்றேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன்.