ஜன்னலில் தொங்கிய டிரிப்ஸ்

பெங்களூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சீட் கிடைத்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. பி.யு.சி. பிராக்டிகலில் முப்பதுக்கு முப்பது வாங்கியவள் நான். ஆனால் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான ப்யூரெட்டைக் கையால் தொட்டதே இல்லை. லேபில் இருந்தது ஒன்றே ஒன்று. உடைந்துவிடும் என்று அதையும் சார்தான் பிடித்துக்கொள்வார். அவர் சொல்லும் ரீடிங்கை நாங்கள் எழுதிக்கொள்வோம். அந்த மார்க்கைச் சொல்லிச் சொல்லியே எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் பாதிப் பிள்ளைகள் திட்டு வாங்கியிருக்கின்றன.

காலேஜ் திறப்பதற்குள் வீட்டிலேயே பழகிவிடலாம் என்று மெடிக்கல் ஷாப்பில் பாட்டிலும் குழாயுமாக ஒரு டிரிப்ஸ் செட் வாங்கினேன். பாட்டிலில் சலவை சோடாவைக் கரைத்து ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டினேன். கட்டில் பக்கத்து ஸ்டூலில், எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் கலந்த கண்ணாடி டம்ளர். சோடா சொட்டுச் சொட்டாக விழ, புளிப்பு தீர்ந்ததும் மஞ்சள் சிவக்கும். அந்தச் சொட்டிலேயே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் டைட்ரேஷன். எனக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில் ஒரு லைன் வீட்டு ஜன்னலில் டிரிப்ஸ் பாட்டில் தொங்கினால் பார்ப்பவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அம்மா வேலைக்கு ரயிலேறிப் போயிருந்தாள். "பாப்பா, இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்று வாசலில் பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் குரல். பின்னாலேயே சர்ச் ஜெபக் குழுப் பெண்கள் இரண்டு பேர், கையில் பிரெட்டும் பைபிளுமாக.

சொல்லியிருக்கலாம். ஆனால், முப்பதுக்கு முப்பது வாங்கியவள் டம்ளரை வைத்துக்கொண்டு பழகுகிறாள் என்று லைன் முழுக்கத் தெரிந்தால்? சட்டென்று கட்டிலில் விழுந்து, ஸ்டூலையும் சேர்த்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். குழாய் என் கைக்குள் போவது போலத்தான் தெரிந்திருக்கும். சீ, என்ன ஜென்மமோ நான்!

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையத் தொட்டு சுகமாக்கும்" என்று அவர்கள் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். குழாயின் திருகை மூட மறந்திருந்தேன்.

ஜெபம் முடிந்ததும் என் கையைப் பிடிக்க ஆண்ட்டி போர்வையை விலக்கினார். டம்ளர் நிறைய ரத்தச் சிவப்பு. அவர் முகம் வெளுத்துவிட்டது. "ரத்தமா எடுத்தியா வாந்தி? எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தானேடி ஆரம்பிச்சிது!" சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போனவர் ஆண்ட்டியின் புருஷன். என் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். "ஐயோ ஆண்ட்டி, அது மஞ்சளும் சோடாவும். எனுக்கு ஒண்ணும் இல்ல. பிராக்டிகல் செய்யத் தெரியாது, அதான் பழகிக்கினு இருந்தேன்." சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. மற்ற இருவரும் பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

ஆண்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. பிரெட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

"பெங்களூர்ல போயி தெரிலன்னா, தெரிலன்னு சொல்லுவியா? இல்ல, அங்கியும் இப்படியே படுத்துக்குவியா?"