என் பதிவைத் தயவுசெய்து திருடுங்கள்

போன வருடம் சோளகக் காற்றுக் காலம். கற்பிட்டியில் அந்த நாட்களில் வெளியே போய் வந்தால் சட்டைப் பைக்குள்ளும் மணல் இருக்கும். அந்த மணலில்தான் நான் இருபது வருடமாகச் சின்ன வெங்காயம் செய்கிறேன். பகல் வெயிலில் தோட்டத்தில் நிற்க முடியாத நேரங்களில் ஒரு வலைப்பூவும் எழுதுகிறேன். எந்தப் புழுவுக்கு என்ன செய்வது, மணல் தரையில் தண்ணீரை எப்படி மிச்சம் பிடிப்பது, எங்கள் வீட்டு ஆடு எத்தனை நாற்றைத் தின்றது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வாசித்தால் அன்றைக்கு எனக்குப் பெருநாள்.

ஒருநாள் முகநூலில் ஒரு விவசாயப் பக்கத்தைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். என் பதிவு ஒன்று அப்படியே அங்கே கிடந்தது. தலைப்பை மட்டும் "முன்னோர் மறைத்த வெங்காய இரகசியம்" என்று மாற்றியிருந்தார்கள். முன்னோர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் போன மாதம் எழுதினேன்.

மேலும் தேடத் தேட என் வலைப்பூ முழுவதும் அங்கே குடியேறியிருந்தது. அந்த ஆள் வாசிக்காமலே பிரதியெடுக்கிறவர் என்பதும் விளங்கியது. ஏனென்றால் "நேற்று இடது காலில் ஆணி ஏறிவிட்டது, அதனால் இரண்டு நாள் தோட்டத்துக்குப் போகவில்லை" என்று நான் எழுதியதையும் சேர்த்தே போட்டிருந்தார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அவருடைய காலுக்காக இறைவனிடம் துஆ செய்திருந்தார்கள். ஆணி ஏறியது எனக்கு, துஆ போனது அவருக்கு.

இது என்னுடையது என்று கீழே எழுதினேன். என்னைத் தடை செய்துவிட்டார். படங்களில் என் வலைப்பூவின் பெயரைப் பொறித்துப் பார்த்தேன். பெயர் இருந்த பகுதியை வெட்டிவிட்டார். வெட்டிய பிறகும் ஒரு படத்தின் ஓரத்தில் வெங்காயத்தைப் பிடித்திருந்த என் பெருவிரல் மட்டும் மிச்சம் நின்றது. முகநூல் நிறுவனத்துக்கான முறைப்பாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பத் தொடங்கிப் பொறுமையில்லாமல் பாதியில் விட்டேன்.

இதைக்கூடத் தாங்கியிருப்பேன். என் தங்கையின் கணவரைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மச்சான் பன்னிரண்டு வருடம் சவுதியில் சாரதியாக இருந்தவர். ஊரோடு இருக்கப் போகிறேன் என்று திரும்பி வந்து, எத்தாளையில் ஒரு துண்டு நிலத்தில் முதல் தடவையாக வெங்காயம் நட்டார். நான் பக்கத்து ஊரில் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அந்த முகநூல் பக்கத்தைப் பார்த்துத்தான் எல்லாம். பார்த்ததை வந்து எனக்கும் படிப்பிப்பார்.

"மச்சான், நாத்து நடக்குள்ள வேர நனைக்கணுமாம், தெரியுமா? படிச்ச ஆக்கள் போட்டிரிக்காங்க."

அது நான் எழுதியது என்றேன். சிரித்தார். அந்தப் படத்தை எடுத்து, ஓரத்தில் இருந்த பெருவிரலையும் என் பெருவிரலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லார்ட வெரலும் இப்படித்தானே மச்சான் இரிக்கி" என்றார். போகும்போது, "நீங்க அங்க பாத்து எழுதுறதுல குத்தம் இல்ல, பேரச் சொல்லிட்டு எழுதுங்க" என்று புத்தியும் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒரு பொறி வைத்தேன். ஒரு வியாழக்கிழமை முழுப் பொய்யாக ஒரு பதிவு எழுதினேன். வெங்காயத்துக்கு நாற்பதாம் நாள் கடல் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து தெளித்தால் காய் பெருத்துச் சிவக்கும் என்று. கடற்கரையில் பிறந்த எவரும் இதை நம்பமாட்டார், உப்புத் தண்ணீர் பட்டால் வெங்காயத் தாள் கருகிவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்தேன். கள்ளன் அதைப் போடுவார், ஊர் சிரிக்கும், தோட்டம் தெரியாத ஆள் என்பது அம்பலமாகும் என்பது என் திட்டம்.

எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை. உண்மைபோல இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். "ஒரு பாத்தியில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம், முழுத் தோட்டத்துக்கும் ஒரே மாலையில் தெளிக்க வேண்டும். ஊரார் சிரிப்பார்கள். சொந்தக்காரர்கள் தடுப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்." அந்த வரிகளை எழுதிவிட்டு நானே ரசித்து இரண்டு தடவை வாசித்தேன்.

மனைவியின் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு மணித்தியாலத்தில் அது அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. என் வலைப்பூவில் இருந்ததை உடனே அழித்துவிட்டு, அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

சனிக்கிழமை காலை எத்தாளைக் கடற்கரைப் பக்கம் மச்சானைக் கண்டேன். டிரக்டர் பெட்டியில் நான்கு நீலப் பீப்பாக்கள் நிறையத் தண்ணீர். என்ன தண்ணீர் என்று கேட்கவே தேவையிருக்கவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"கடல் தண்ணி மச்சான். திங்கக்கிழம நாப்பதாம் நாள். பின்னேரம் அஸர் தொழுதிட்டுத் தெளிக்கணும்."

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதினேன், பொய்யாக எழுதினேன், கள்ளனைப் பிடிக்க எழுதினேன் என்று. மச்சான் பொறுமையாகக் கேட்டார். என் தோளில் கை வைத்தார்.

"உங்கட மனசு எனக்கி விளங்குது மச்சான். ஆனா இந்தப் பொறாம கூடாது."

ஒரு பாத்தியில் மட்டும் ஊற்றிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சோதித்துப் பார்க்கக் கூடாது என்று போட்டிருக்கிறதாம். பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரார் சிரிப்பார்கள் என்றும் போட்டிருக்கிறது என்றார் மச்சான். "சொந்தக்காரங்க தடுப்பாங்க என்டும் இரிக்கி. எல்லாம் அப்படியே நடக்குதே!" என்று அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. நான் வைத்த பொறியின் ஒவ்வொரு கம்பியிலும் என் கையே மாட்டிக்கொண்டது.

தங்கையிடம் போனேன். அவள் என்னை நம்பினாள். நானா நானா என்று அண்ணன் பின்னால் திரிந்த சின்ன வயதிலிருந்தே என் வேலைகளைத் தெரிந்தவள்.

"நானா, என்ன வேல செஞ்சிட்டீங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வெங்காயம் சரிவராட்டி திரும்ப சவுதிக்கிப் போறதா முடிவெடுத்திட்டார். புள்ள இப்பதான் பயமில்லாம வாப்பாட மடியில இரிக்கிது. போனா மறுபடி போன்லதான் வாப்பா" என்றாள்.

வாசலில் தங்கையின் மகள், என் மருமகள், மச்சானின் தொப்பியைப் போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. ஒரு கள்ளனுக்குப் பாடம் படிப்பிக்கப் போய் ஒரு பிள்ளையின் வாப்பாவை நாடு கடத்தப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மச்சானைக் கண்டதால் அவரைத் தெரியும், இதை வாசித்துவிட்டு எந்தெந்தக் கரையில் எத்தனை பேர் பீப்பா நிரப்புகிறார்களோ என்ற பயம் அதற்கு மேல்.

மச்சான் என்னை நம்பமாட்டார். அந்தப் பக்கத்தை மட்டும்தான் நம்புவார். ஆகவே அந்தப் பக்கமே சொல்ல வேண்டும். என்னைத் தடை செய்திருந்ததால், மனைவியின் கணக்கிலிருந்து கள்ளனுக்கு எழுதினேன். மரியாதையாக, "ஐயா" போட்டு. கடல் தண்ணீர்ப் பதிவு பிழை, அதற்கு ஒரு மறுப்பு எழுதித் தருகிறேன், தயவுசெய்து போடுங்கள், என் பெயரே வேண்டாம் என்றேன்.

பதில் வந்தது. "பிறருடைய ஆக்கங்களை நாங்கள் வெளியிடுவதில்லை. எமது பக்கத்தில் சொந்த அனுபவங்கள் மட்டுமே இடம்பெறும்."

மனைவி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையில் கை வைத்தேன். இவ்வளவு நாளும் திருடாதே என்று கத்தினேன், நிற்கவில்லை. இப்போது திருடு என்று காலில் விழுகிறேன், மாட்டேன் என்கிறார்.

மனைவிதான் வழி சொன்னாள். "கேட்டுக் குடுத்தா எடுக்கமாட்டான். களவெடுக்கத் தோதா வைங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, அந்த ஆளின் ருசிக்கு ஒரு பதிவு சமைத்தேன். அவர் வாசிக்கமாட்டார், தலைப்பையும் படத்தையும்தான் பார்ப்பார். ஆகவே தலைப்பு, "வெங்காயத்தின் பரம எதிரி உங்கள் வாசலிலேயே இருக்கிறான்! உடனே பகிருங்கள்!" படத்துக்கு எங்கள் ஆடு. விரல் படாமல் கவனமாக எடுத்தேன். முதல் இரண்டு பந்தி ஆட்டைப் பற்றி. மூன்றாவதில், "போன வியாழக்கிழமை கடல் தண்ணீர் தெளிக்கச் சொல்லி எழுதினேன். அது முழுப் பொய். எழுதிய நான் ஒரு மடையன். ஒரு சொட்டும் தெளிக்காதீர்கள், தோட்டம் கருகிவிடும். என்னை மன்னியுங்கள்" என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக நான் எதையும் எழுதியதில்லை.

ஞாயிறு மாலை போட்டேன். அன்று எடுக்கவில்லை. திங்கள் காலையும் எடுக்கவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தும் பார்த்தேன், இல்லை. "என்ன, கள்ளன் இன்னும் வரல்லையா?" என்று மனைவி, விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள். இத்தனை நாளும் ஒரு மணித்தியாலம் பிந்தாத மனிதர், அன்றைக்குப் பார்த்து எங்கே போய்த் தொலைந்தாரோ. சுகமில்லையோ என்றுகூட யோசித்தேன். அவருக்காக துஆ செய்தேன் என்றால் நம்புவீர்களா? செய்தேன்.

அஸருக்கு நான் மச்சானின் தோட்டத்து வேலியோரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சான் தொழுதுவிட்டு வந்து சாரத்தை மடித்துக் கட்டினார். பீப்பாவிலிருந்து பூவாளியை நிரப்பினார். இனி அவரைக் கட்டிப் பிடித்து மணலில் உருள்வதைத் தவிர வழியில்லை என்று நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. அந்தப் பக்கத்தில் எது வந்தாலும் சத்தம் வரும்படி வைத்திருந்தார். பூவாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டே எடுத்துப் பார்த்தார். ஆட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலால் மெதுவாகக் கீழே கீழே போனார். அவர் முகம் மாறியது. பூவாளி தொப்பென்று வரப்பில் விழுந்து, தண்ணீர் வேலிப் பக்கமாக ஓடியது.

"மச்சான்! கடல் தண்ணி தெளிக்க வேணாமாம்! தெளிச்சாத் தோட்டம் கருகிடுமாம்!"

"அப்படியா மச்சான்?" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். 'எழுதிய நான் ஒரு மடையன்' என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். "பாத்தீங்களா மச்சான், எவ்வளவு பெரிய ஆக்கள், பிழய எப்படி ஒத்துக்கிறாங்க. மனிசன் என்டா இப்படி இரிக்கணும். நீங்களும் இதப் பாத்துப் படிங்க" என்றார். ஓம் என்றேன்.

அந்தப் பதிவின் கீழே யாரோ ஒருவர், தான் இரண்டு பாத்திக்கு ஏற்கெனவே தெளித்துவிட்டதாகவும் என்ன செய்வதென்றும் கேட்டிருந்தார். அங்கிருந்தே என் வலைப்பூவில், உடனே நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கழுவச் சொல்லி ஒரு பதிவு எழுதினேன். ஆட்டின் இன்னொரு படத்தையும் போட்டேன். பத்து நிமிடத்தில் அதுவும் களவு போனது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அந்த மனிதரின் பாத்தி தப்பியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மச்சானின் வெங்காயம் நன்றாக விளைந்தது. அந்த நீலப் பீப்பாக்களில் மருமகள் குளிக்கிறாள், வாப்பாதான் தண்ணீர் ஊற்றவேண்டுமாம். அறுவடையன்று எனக்கு ஒரு பை வெங்காயம் கொண்டுவந்து தந்தார். "அந்தப் பக்கத்து ஆக்கள்ட விலாசம் தெரிஞ்சா அவங்களுக்குத்தான் முதல்ல அனுப்பியிரிப்பேன்" என்றார். பை என் மடியில் இருந்தது.

இப்போதும் அந்த ஆள் என் பதிவுகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், எனக்கும் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் எதையும் வெளியிடுமுன் ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்கிறேன். சாரத்தை மடித்துக் கட்டி, பூவாளியோடு ஒருவர் பாத்தியோரம் நிற்பது தெரியும், யார் எழுதியது என்று கேட்காமல் நான் சொன்னதை அப்படியே செய்யப்போகிறவர் அவர் என்ற பயத்தோடுதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.