வெள்ளிக்கிழமை ரயில்

தேங்காய்ப்பட்டணத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துக் குழித்துறைக்குப் போக வேண்டும். நூர்ஜஹான் பேகம் தன் நாற்பத்திரண்டு வயதில் அந்த ஸ்டேஷனுக்குப் போயிருப்பது நான்கு தடவை. நான்கும் கணவன் நூஹுவை வழியனுப்பத்தான். பிளாட்பாரத்தில் நின்று கையசைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாளே தவிர, வண்டியில் ஏறி உட்கார்ந்ததில்லை.

அவள் வீட்டு மாடியில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு ரயில்பாதை வந்ததற்குக் காரணம் நூஹு பார்த்த வேலை. கல்ஃபில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையின் கிடங்குக்கு அவன் ஸ்டோர் கீப்பர். பெரிய மனிதர்கள் வாங்கி வீட்டில் ஓட்டுகிற குட்டி ரயில்களும் அங்கே விற்பனைக்கு இருந்தன. கரண்டில் ஓடும் ஒரு சாண் நீள எஞ்சின், அதன் பின்னால் மாட்டப் பெட்டிகள், வளைவும் நேருமாகத் தண்டவாளத் துண்டுகள். அட்டை நசுங்கிய சாமான்களை விற்க முடியாது என்று ஊழியர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மற்றவர்கள் பொம்மையும் பந்தும் எடுத்தபோது நூஹு ரயிலை மட்டும் எடுத்தான். பதினோரு வருஷத்தில் அப்படி ஏழு அட்டைப்பெட்டிகள் ஊருக்கு வந்து பரணில் ஏறின. வேலையை விட்டுத் திரும்பியதும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்புவதற்கு டிக்கெட் எடுத்து ஒன்பது நாள் மிச்சம் இருக்கையில் ஓர் இரவு கிடங்கில் தீப்பிடித்தது. மாலை ஆறு மணிக்கு நூஹு பூட்டிவிட்டுப் போயிருந்தான். உள்ளே ஒரு காவல்காரன் தூங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. நேபாளத்துக்காரன். காலையில்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். சாவி நூஹுவின் கையில் இருந்ததால் வழக்கில் அவன் பெயர் சேர்ந்தது. ஜெயிலில் போடவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கு முடியும் வரை நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். வேறொரு கடையில் வேலை கிடைத்தது. ஒரே அறையில் ஆறு பேர். அவர்களில் இனயத்துக்காரன் சிஜின் மட்டும்தான் நம் பக்கத்து ஆள்.

முதல் வருஷம் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்து வீடியோ கால் போட்டால் பேச்சு ஓயாது. இரண்டாம் வருஷம் ஓய்ந்தது. சாப்பிட்டாயா, படிக்கிறாயா, வக்கீல் என்ன சொன்னார் என்ற மூன்று கேள்விக்கு மேல் நான்கு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. மகள் ரிஃபா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். மகன் அஹ்சனுக்குப் பன்னிரண்டு வயது. போனில் தெரிகிற வாப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நூஹு பரணில் இருக்கிற பெட்டிகளை இறக்கச் சொன்னான். தான் அங்கிருந்து சொல்லித் தருவதாகவும், இவர்கள் மூன்று பேருமாகக் கட்ட வேண்டும் என்றும் சொன்னான். வருகிறபோது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றான்.

கருங்கலிலிருந்து வைகுண்டராஜன் என்ற ஆசாரி வந்து மாடி ஹாலில் மேஜை அடித்தார். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், மேலே பிளைவுட். அவ்வளவு அகலத்துக்கு நடுவில் கை எட்டாது என்பதால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மையத்தில் சதுரமாக ஓட்டை விடச் சொன்னான் நூஹு. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் அந்த ஓட்டையில் எழுந்து நிற்க வேண்டும். நான்கு பக்கமும் தண்டவாளம் தெரிகிற ஒரே இடம் அது. அதனால் போனைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிற வேலை நூர்ஜஹானுக்கு வந்தது.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. ரிஃபா தண்டவாளத்தின் சந்துகளில் ஈயம் வைத்து ஒயரை ஒட்டக் கற்றுக்கொண்டாள். அஹ்சன் தெர்மோகோலை அறுத்து மலை செய்தான். நூர்ஜஹான் பழைய பச்சை முக்காட்டுத் துணியைப் பசையில் முக்கி அதன்மேல் போர்த்தினாள். முதல் எஞ்சின் முழுச் சுற்று ஓடிவந்த அன்று நூஹு எதிர்முனையில் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டதை மூன்று பேரும் பார்த்தார்கள். அவன் அறையிலிருந்த மற்றவர்களும் கட்டிலை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள்.

பிறகுதான் அது மாறியது. குழித்துறை ஸ்டேஷன் அப்படியே வர வேண்டும் என்றான். பிளாட்பாரம் இரண்டு விரல் தள்ளியிருக்கிறது, மாற்று என்பான். மாற்றினால் அடுத்த வாரம் பழையதுதான் சரி என்பான். ஒரு மணி நேரம் இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. வெள்ளிக்கிழமை கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவர்களால் போக முடியவில்லை. நூர்ஜஹானின் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போகாததில் தங்கை பேச்சையே நிறுத்திவிட்டாள். ஓட்டையில் நிற்கும்போது நூர்ஜஹானுக்குக் கால் மரத்துப்போகும். உட்கார்ந்தால் படம் தெரியவில்லை என்று அவன் சத்தம் போடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை அஹ்சன் சொல்லாமல் கொள்ளாமல் கால்பந்து விளையாடப் போய்விட்டான். வாப்பா கேட்டபோது ரிஃபா உள்ளதைச் சொன்னாள். நூஹு போனை வைத்துவிட்டான். அடுத்த மூன்று வெள்ளியும் அவன் எடுக்கவில்லை. நான்காவது வாரம் சிஜின்தான் கூப்பிட்டான். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலை விட்டு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், எப்படியாவது அந்த ரயிலைக் காட்டுங்கள் என்று நூர்ஜஹானிடம் கெஞ்சினான்.

அன்றிலிருந்து அவள் வெள்ளிக்கிழமையன்று பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். ரிஃபா ஒருநாள் நேருக்கு நேர் நின்று கேட்டாள்.

"வாப்பா அங்க மாட்டிக்கிட்டாரு. அதுக்கு நம்மளையும் எதுக்கும்மா பூட்டுதிய?"

 மகள் கேட்டது நியாயம் என்று தெரிந்தேதான் நூர்ஜஹான் மறுவாரமும் பூட்டினாள்.

ரிஃபா பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குப் போனாள். பக்கத்திலேயே மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் இடம் கிடைத்தது. அவள்தான் தூரமாகக் கேட்டு வாங்கினாள். 

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. மாடி ஹாலின் ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, நூர்ஜஹான் கவனிப்பதற்குள் பிளைவுட் ஊறிவிட்டது. ஸ்டேஷன் இருந்த மூலை இட்லிபோல உப்பி எழுந்தது. தண்டவாளம் இணைப்பு விட்டுப் பிரிந்தது. ஏற்கெனவே கடல்காற்றில் கறுத்திருந்த ஒயர்கள் பச்சை பூத்தன. எஞ்சினை வைத்தால் இரண்டடி போய்க் கவிழ்ந்தது. அடுத்த நாள் வெள்ளி.

சொல்லிவிடலாம் என்றுதான் நூர்ஜஹான் நினைத்தாள். சிஜின் சொன்னது ஞாபகம் வந்ததும் நாக்கு எழவில்லை. அஹ்சன் வழி கண்டுபிடித்தான். வண்டி ஓடுகிற பழைய வீடியோக்கள் அவனிடம் நிறைய இருந்தன. வாப்பா கூப்பிட்டதும் முதலில் உம்மா முகத்தைக் காட்டிப் பேசுவது. பிறகு, போன் கேமராவை லேப்டாப் திரைக்கு நேராகப் பிடித்துப் பழைய வீடியோவை ஓடவிடுவது. நெட் சரியில்லாததால் படம் எப்போதும் மங்கலாகத்தான் போகும். நூஹு நம்பினான். ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தென்னை வைக்கச் சொன்னான். அடுத்த வாரம் வைக்கிறோம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வந்தபோது நெட் இல்லை என்று தட்டிக் கழித்தார்கள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.  புதன்கிழமையே நூர்ஜஹானுக்குத் தூக்கம் போய்விடும். முன்பு அவளைப் பிடித்து வைத்திருந்தது ரயில்தான். இப்போது அதோடு பொய்யும் சேர்ந்துகொண்டது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஹ்சன் அவசரத்தில் வேறொரு வீடியோவைப் போட்டுவிட்டான். வண்டி சுற்றி வந்து நிற்கிறது. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, கழன்ற பெட்டியை எடுத்து மாட்டுகிறது. மணிக்கட்டில் நீல வளையல். ரிஃபாவின் கை.

நூஹு போனைக் கண்ணருகே கொண்டுபோனான். பிறகு நிதானமாகக் கேட்டான்.

"ரிஃபா ஊருக்கு வந்திரிக்காளா?"

அஹ்சன் உம்மாவைப் பார்த்தான். ஆமாம் என்று சொன்னால் மகளைக் கூப்பிடச் சொல்வான். நூர்ஜஹான் போனை அஹ்சனிடமிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. அது பழைய வீடியோவாக்கும். பலகை மழையில ஊறிப் போச்சு. ரெண்டு மாசமா வண்டி ஓடல்ல."

அவன் கோபப்படுவான், போனை வைப்பான், மறுபடி வாரக்கணக்கில் எடுக்க மாட்டான் என்று அவள் காத்திருந்தாள். நூஹு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து, அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தான். பின்னால் ஏதோ கட்டடத்தின் சுவர் தெரிந்தது.

"அஹ்சன ஏசாண்டாம்," என்றான். "ஏசுததுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. நானும் ஒங்களட்ட பொய்தான் சொல்லிட்டு இரிக்கேன். கேசு அடுத்த மாசம் முடியும்னு சொன்னேன்லா? முடியல்ல. முதல்லேருந்து விசாரிக்கணும்னு தீர்ப்பாயிட்டு. மாசம் நாலாச்சு. தேதி ஒண்ணும் சொல்லல்ல."

அஹ்சன் மெதுவாகக் கீழே இறங்கிப் போய்விட்டான். போகட்டும் என்று நூர்ஜஹானும் விட்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் வெள்ளிக்கிழமையும் இல்லாமல் போய்விடும் என்று பயந்ததாக நூஹு சொன்னான். அப்புறம், அவள் கேட்காமலே, இத்தனை வருஷமாக ஒரு தடவைகூட வாயெடுக்காத விஷயத்தைப் பேசினான்.

"பூட்டுததுக்கு முன்ன உள்ள ஆளிருக்கான்னு சத்தம் குடுக்கணும். எப்பவும் குடுப்பேன். அண்ணைக்குக் குடுத்தேனான்னு எனக்கு ஓர்மை வரல்ல, நூர்ஜி. குடுத்தேன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லியிரிக்கேன்."

 நீங்கள் சத்தம் கொடுத்திருப்பீர்கள் என்று சொல்ல நூர்ஜஹான் வாய் திறந்தாள். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. தெரியாததைச் சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும்.

"அந்த ஆளுக்குப் பேரென்ன?" என்று கேட்டாள்.

"பிரேம்."

"வயசு?"

"இருவத்தாறு."

 இருவரும் போனை வைக்கவில்லை. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த பிறகும் அவன் படியில் உட்கார்ந்திருப்பது திரையில் தெரிந்துகொண்டிருந்தது. நெட் விட்டுப் போனதும்தான் நூர்ஜஹான் கீழே இறங்கினாள். வாசல் கேட் பூட்டைத் திறந்து, அஹ்சனை விளையாடப் போகச் சொன்னாள். அவன் போகாமல் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, வாப்பா வர மாட்டாரா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

மறுவாரம் நூஹு கூப்பிட்டபோது ரயிலைக் கேட்கவில்லை. ரிஃபா சம்மதித்தால் அவளுடைய புது நம்பரை வாங்கித் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னான். ரிஃபா பதினைந்து நாள் கழித்துத்தான் சம்மதித்தாள். என்ன பேசினார்கள் என்று நூர்ஜஹான் விசாரிக்கவில்லை.

வைகுண்டராஜன் வந்து ஊறிப்போன மூலையை அறுத்து எடுத்தார். மீதியில் வண்டி ஓடும், ஆனால் சுற்றி வராது. ஒரு முனைக்குப் போய் அப்படியே பின்னோக்கி வரும். அதைச் சரிசெய்து தரட்டுமா என்று ஆசாரி கேட்டார். நூர்ஜஹான் வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்தான் பேசுவது என்று அவளே முடிவு செய்து நூஹுவிடம் சொன்னாள். அவன் ஏற்றுக்கொண்டான். முதல் சில வாரம் முப்பதாவது நிமிஷம் சரியாகப் போனை வைத்தாள். வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். தங்கை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். பழைய மாதிரி பேசவில்லை.

மறுவிசாரணையில் நூஹுவை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். சத்தம் கொடுத்தது ஞாபகம் இல்லை என்று இந்த முறை உள்ளபடியே சொன்னான். அதனால் வழக்கு கெடும் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். சிஜின் வேலை முடித்து இனயத்துக்கே வந்துவிட்டான். வந்த மறுநாள் தேங்காய்ப்பட்டணத்துக்கு வந்து, அண்ணன் இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனால் வர முடிந்ததே என்று நூர்ஜஹான் அன்றைக்கு மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த விசாரணை பெருநாள் கழிந்து என்று சொல்லியிருக்கிறார்கள். நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா என்று சொல்லவில்லை.