மாமனார் கெட்டித்து வைத்த துப்பாக்கி

என் மனைவி ஆர்லீன் யாரிடமும் வழி கேட்க மாட்டாள். பென்சில்வேனியாவின் இந்த மலைச்சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனி உறைந்த இறக்கத்தில் வண்டி வழுக்கினால்கூட, "கத்தாதீங்க, எனக்குக் காது கேக்குது" என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போவாள். கல்யாணமான நாளிலிருந்து, பயப்படுகிற வேலையை முழுக்க என் தலையில் கட்டிவிட்டாள். நானும் அதைக் குறையில்லாமல் செய்து வருகிறேன்.

அவள் அப்பா எல்வுட் போன ஜனவரியில் இறந்தபோது, தன் சக்கிமுக்கித் துப்பாக்கியை மகளுக்கு எழுதி வைத்திருந்தார். குழாயின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டித்து, கல் உரசிப் பறக்கும் பொறியில் சுடுகிற பழைய வகை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்கு எங்கள் பக்கத்தில் இதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். வருஷம் தவறாமல் அப்பாவோடு மலையேறியவன் ஆர்லீனின் தம்பி டோயல். துப்பாக்கி தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவன். உயிலைப் படித்த நாளோடு எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டான். அது ஆர்லீனை உள்ளுக்குள் அரித்தது. வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். பாதி சாப்பிட்டு ஒதுக்கிய தட்டைப் பார்த்து நானே தெரிந்துகொள்வேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அவளே அவனுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு மலைக்குப் போறேன். இதை எப்படிக் கெட்டிக்கிறதுன்னு எனக்குத் தெரியலடா. வந்து காட்டு."

தெரியவில்லை என்று அவள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பிக்காகத்தான் அதையும் சொன்னாள்.

டோயல் வந்தான். முகம் உம்மென்று இருந்தது. நான் நீட்டிய காபியைக் கையால் ஒதுக்கிவிட்டு நேரே பின்வாசலுக்கு நடந்தான். கோப்பையோடு நானும் பின்னால் போனேன். ஆர்லீன் துப்பாக்கியின் வாயை வெறிச்சோடிக் கிடந்த பனி வயல் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள்.

"மொதல்ல கெட்டிக்கிற கோலை உள்ள விடு. அதுல அப்பா வளையம் கீறி வெச்சிருக்காரு பாரு. வெறும் குழாய்னா வளையம் உள்ள போய் மறைஞ்சிடும். கெட்டிச்சிருந்தா சரியா வாய்க்கு நேரா நிக்கும்," என்றான் டோயல்.

கோல் இறங்கியது. நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே முட்டிக்கொண்டது. வளையம் குழாய் வாய்க்கு மேலே மூன்று விரற்கடை தூக்கி நின்றது.

கெட்டித்திருந்ததில் ஆச்சரியமில்லை. குழாயின் பக்கத்தில் பொறி விழும் சின்னக் கிண்ணத்தில் மருந்து இல்லையென்றால் அது கெட்டிக்காத துப்பாக்கிதான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. சாயங்காலம் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, குழாயை மறுநாளைக்கு அப்படியே விட்டுவைப்பார்கள். ஆனால் வளையம் ஏன் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

"குண்டு அடி வரைக்கும் போகலடா," என்றாள் ஆர்லீன். "நடுவுல எடம் விட்டிருக்கு. சுட்டா குழாய் வெடிச்சிரும்."

டோயலுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"துப்பாக்கியையும் வாங்கிக்கிட்ட. இப்ப அவருக்குக் கெட்டிக்கத் தெரியாதுன்னும் சொல்றியா?"

வெடுக்கென்று பிடுங்கினான். தன் தோளில் தொங்கிய வெடிமருந்துக் கொம்பைச் சாய்த்துக் கிண்ணத்தை நிரப்பினான்.

"அப்பா கெட்டிச்சது. நானே சுட்டுக் காட்டுறேன்."

"டேய் டோயல், கீழ வைடா!" என்றேன்.

"மாமா, நீங்க உள்ள போய் டி.வி. பாருங்க."

தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்துவிட்டான். வெடித்தால் அந்த முகம் இருக்காது. ஆர்லீன் என் கையிலிருந்த காபிக் கோப்பையைப் பிடுங்கினாள், பக்கவாட்டில் அவனை ஒட்டிப் போனாள், கிண்ணத்தின் மேல் மொத்தத்தையும் ஊற்றினாள். அதே நொடியில் அவன் விசையை இழுத்தான். கல் அடித்தது. பொறி பறந்து காபியில் விழுந்து அணைந்தது.

"ஒருத்தரைப் பொதைச்சாச்சு. உன்னையும் பொதைக்கவாடா கூப்பிட்டேன்?" அவள் குரல் உடைந்து நான் அன்றுதான் கேட்டேன்.

டோயல் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். அதன் வாயை வயல் பக்கமே வைத்து, பொறி எங்காவது ஒளிந்திருக்குமோ என்று நெடுநேரம் காத்திருந்துவிட்டு, கல்லைக் கழற்றி எறிந்தான். குழாயில் எண்ணெய் விட்டு, கோலின் முனையில் திருகாணியை மாட்டி ஈயக் குண்டுக்குள் திருகினான். நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். குண்டு வந்தது. சாய்த்தபோது பின்னாலேயே கருப்பு மருந்து பனியில் கொட்டியது.

"பாத்தியா? மருந்தை ஒட்டித்தான் குண்டு இருந்திருக்கு. எடமே விடல," என்றான்.

ஆர்லீன் கோலை மறுபடி உள்ளே விட்டாள். வளையம் இப்போது சரியாகக் குழாய் வாய்க்கு நேராக நின்றது.

எனக்குத்தான் கடைசியில் புரிந்தது. அடியில் இன்னொரு குண்டு இருக்கிறது. கெட்டித்ததன் மேலேயே மனுஷர் இன்னொரு தடவை கெட்டித்திருக்கிறார்.

"மறந்துட்டாரு," என்றாள் ஆர்லீன் மெதுவாக.

டோயல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"போன தடவை வேட்டையோட கடைசி நாள், மலை உச்சியில என்னைப் பாத்து, 'தம்பி, நீ யாரு வீட்டுப் பையன்'னு கேட்டாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்க்கா. கோவத்துல அவரை அங்கேயே தனியா விட்டுட்டு எறங்கி வந்துட்டேன்."

ஆர்லீன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணாருடா. 'மலையில ஒரு நல்ல பையனைப் பாத்தேன், அப்படியே நம்ம டோயல் மாதிரி இருந்தான்'னாரு. நானும் ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாருன்னு சிரிச்சிட்டு வெச்சிட்டேன்."

டோயல் அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான்.