சிங்கத்து ராவுத்தர்

அசன் முகம்மது ராவுத்தர் என்று கேட்டால் இராஜபாளையத்தில் யாருக்கும் தெரியாது. சிங்கத்து ராவுத்தர் என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். கல்யாண வீடுகளில் சோறாக்குவது தொழில். வாலிபத்தில் ஆப்பிரிக்கா போய், மார்லண்ட் என்ற வேட்டைக்காரத் துரைக்குச் சமைத்துவிட்டு வந்தவர்.

அங்கே புல்லுக்குள்ளிருந்து சிங்கம் பாய்ந்ததையும், துரையின் மாற்றுத் துப்பாக்கியைச் சுமந்து வந்த வேலையாள் ஜூமா அதோடு மரத்தில் ஏறிக்கொண்டதையும், தான் மட்டும் துரைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றதையும் கறி வேகும் வரை சொல்லுவார். ஜூமா மரமேறும் இடத்தை நடித்தே காட்டுவார். சனத்துக்கு என்ன, சிரிக்க ஒருவன் கிடைத்தால் போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு வாக்கில், அந்தத் துரை எழுதி சீமையில் அச்சான வேட்டைப் புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு குமாஸ்தா சேதுபதி கையில் சிக்கியது. ராவுத்தரின் சிநேகிதர் அவர். ராவுத்தர் மகள் நூர்னிசாவின் நிக்காஹ் அன்று, எல்லார் முன்னாலும் படித்துப் பெருமைப்படுத்த வேண்டும் என்று ஆசையாகக் கொண்டுவந்துவிட்டார்.

அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்த ராவுத்தரைச் சம்பந்தி சேக் முகைதீன் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

சேதுபதி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சிங்கம் பாய்ந்த இடத்தில் வாய் நின்றது. ராவுத்தர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். புத்தகத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, ஜூமா மரத்தில் ஏறிவிட்டான், சமையற்காரன்தான் நின்றான் என்று படித்தார்.

பந்தலே குதூகலித்தது. ராவுத்தருக்கு உடம்பெல்லாம் கூசியது. புத்தகத்தில் என்ன இருக்கும் என்று படிக்காமலே அவருக்குத் தெரியும். மரத்தின் மேலிருந்து பார்த்தவர் அவர்தானே. தன் பொய்யை இப்போது ஒரு நல்ல மனுசரும் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்று குன்றிப்போனார்.

சம்பந்தி சிரித்தபடி கேட்டார். "அந்தப் பயந்தாங்கொள்ளி பொறவு என்ன ஆனான்?"

"மரத்துல ஏறுனது நான் சம்பந்தி. ஜூமா நின்னாரு. சிங்கம் அடிச்சு அந்த எடத்துலயே மவுத்தாயிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி சாப்பிட்டார், முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ராவுத்தர் பள்ளிவாசலுக்குப் போய், இறந்துபோன ஜூமாவின் பேரில் ஃபாத்திஹா ஓதச் சொன்னார். இன்னார் மகன் என்று சொல்ல வேண்டுமே, தகப்பன் பேர் என்ன என்று ஓத வந்த லெப்பை கேட்டார்.

ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, பக்கத்தில் நின்று தொழுத மனுசர். அவர் பேரைச் சொல்லி எத்தனை பந்தலை ராவுத்தர் சிரிக்கவைத்திருக்கிறார். தகப்பன் பேரை ஒரு நாளும் கேட்டதில்லை.

தெரியாது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.