இந்தியாவுக்குப் போகாத ஓடை

காட்டிலிருந்து இறங்கிவரும் அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் பல் கூசும். நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஓடியதால் அதற்கு 'எல்லை ஓடை' என்று பேர். எல்லையெல்லாம் துரைமாருக்குத்தான், அந்தக் கரைக் கல்லில் அத்தை துணியை அடித்துத் துவைக்க, இந்தக் கரையில் நான் அலச, ஓடை இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்ப்போம்.

அத்தை அப்பாவின் தங்கை. பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது; மாமா குடும்பத்துக்கு இந்தியாவுக்கே போய்விடச் சொல்லி 'இந்தியாப் பாஸ்' வந்தது. "நான் போகலண்ணே, இங்கயே கெடந்துக்கிறேன்" என்று அத்தை அழுதாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கட்டிக்குடுத்த எடத்தோடதானம்மா போகணும்" என்றார்கள் பெரியவர்கள். அவர்களுக்கென்ன, சொன்னால் வாயா வலிக்கப்போகிறது!

அத்தையின் சேலையை நான் விடவேயில்லை. என்னைத் தேற்ற அவள் ஒரு பூகோளம் சொன்னாள். "ஓடை ஆத்துக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும், கடலுக்கு அந்தப் பக்கந்தான் இந்தியா. நீ இங்க பூ விடுடி, நான் அங்க எடுத்துத் தலையில வச்சுக்கிறேன்." ஹட்டன் ஸ்டேசனுக்குள் 'கோச்சி' என்று நாங்கள் சொல்லும் ரயில் தடதடத்து வந்தபோது கூட்டமே ஒப்பாரி வைத்தது.

ஞாயிறு தவறாமல் பூ விட்டேன். பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படம் வரைந்த அன்றுதான், எங்கள் ஓடை காசல்ரீ குளத்தில் விழுந்து, களனி கங்கையோடு சேர்ந்து கொழும்புக் கடலுக்குப் போவது தெரிந்தது. இந்தியாவோ வடக்கே கிடந்தது. அதற்குப் பிறகும் விட்டேன். வேறென்ன செய்ய?

இன்று அப்பாவும் இல்லை, ஓடையும் இல்லை. கரண்டு எடுப்பதற்காகக் காட்டோரத்திலேயே தண்ணீரை மறித்து, இரும்புக் குழாயில் கீழே கொண்டுபோகிறார்கள். அத்தை துவைத்த கல் வெயிலில் காய்கிறது.

போன மாதம் கோத்தகிரியிலிருந்து அத்தை மகன் போனில் கூப்பிட்டார். "அம்மாவுக்கு நெனவு தடுமாறிப்போச்சு. ஓடைச் சத்தம் கேக்கணும்னு சாப்பிடாம அடம்புடிக்கிறாங்க" என்றார். ஓடைக்கு நான் எங்கே போவேன்? போனைக் கொண்டுபோய் அந்தக் குழாயின்மேல் வைத்தேன். உள்ளே தண்ணீர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அத்தை பேசினாள்.

"அடியே, கோச்சி வந்துருச்சுடி. அண்ணன்கிட்ட சொல்லுடி, நான் போகல."